ஒரே மாதிரி தொடங்கற ஊர்ப்பேரை அகர வரிசையில அடுக்கறது எப்படீங்க? (கல்லுல வெட்டப் போகுது, அவசரம்)

மேட்டாங்காடு (கோபி பக்கம்)
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க குலதெய்வக் கோயிலுக்குத் தை மாசம் கும்பாபிஷேகம். திருப்பணிக்குப் பணம் குடுத்த பங்காளிக பேரைக் கருங்கல்லுல வெட்டி மண்டபச் செவுத்துல பதிக்கறதுன்னு முடிவாயிருச்சு. மொத்தம் 412 பேரு. யாரு பேரு முதல்லங்கறதுக்கே மூணு கூட்டம் போட்டாச்சு. எச்சாக் குடுத்தவங்க மேலன்னு ஒரு கட்சி, வயசுப்படின்னு ஒரு கட்சி. கடைசியில பெரியப்பா ஒருத்தரு, "ஊரை அகர வரிசையில போடு, ஊருக்குள்ள பேரை அகர வரிசையில போடு, அப்பறம் எவன் வாயைத் திறக்கறான்னு பார்க்கறேன்"னாரு. எல்லாரும் சரின்னுட்டாங்க. பட்டியல் போடற வேலை என்ற தலையில விழுந்துருச்சு.

ஊர்ப்பேரெல்லாம் தட்டச்சு பண்ணி, இணையத்துல கிடைச்ச ஒரு வரிசைப்படுத்தற பெட்டியில ஒட்டினேன். 'கு'வுல தொடங்கற ஊரு இப்படி வந்துச்சு:

குடிமங்கலம், குண்டடம், குனியமுத்தூர், குன்னத்தூர், குமாரபாளையம், குருடம்பாளையம், குறிச்சி, குளித்தலை, குள்ளம்பாளையம்

பெரியப்பா பார்த்துட்டு, "இதென்றா கெரகம்"னு சிவப்புப் பேனாவுல எழுதிக் குடுத்தது:

குடிமங்கலம், குண்டடம், குமாரபாளையம், குருடம்பாளையம், குள்ளம்பாளையம், குளித்தலை, குறிச்சி, குன்னத்தூர், குனியமுத்தூர்

எது சரிங்க? கல்லுல வெட்டிட்டா அழிக்க முடியாது.

தறிச்சத்தம் (சோமனூர்)
அண்ணா, ஒரே மாதிரி இருக்கற வரைக்கும் கண்ணை மூடிக்கோங்க. எங்க பிரியுதோ அங்க மட்டும் பாருங்க. கொடிவேரி, கொடுமணல், கொடுமுடி, கொடுவாய் நாலையும் எடுத்துக்கோங்க. முதல் எழுத்து கொ, எல்லாத்துக்கும் ஒண்ணு. ரெண்டாவதுல டி ஒண்ணு, டு மூணு. டி முந்தி, அதனால கொடிவேரி தனியாப் போயிருச்சு. மிச்சம் மூணுலயும் மூணாவது எழுத்து ம, மு, வா. அதே வரிசையில நிறுத்திட்டா சோலி முடிஞ்சுது. நாலாவது எழுத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். நெறையப் பேரு முழுப்பேரையும் படிச்சுப் படிச்சுக் குழப்பிக்குவாங்க. பாவுல இழை அறுந்தா அறுந்த எடத்தை மட்டும் பிடிச்சு முடிச்சுப் போடறமில்லீங்க, அதே கதைதான்.

ஆனா உங்க பட்டியல்ல சண்டை வேற எடத்துல. ன எங்க நிக்கோணும்னு கம்ப்யூட்டருக்கும் பெரியப்பாவுக்கும் ஒத்து வரலை. அதுக்கு வாத்தியாரய்யா வரட்டும்.

காவிரிக்கரை தேர்வர் (குமாரபாளையம்)
பெரியப்பா சரி. நான் எழுதினப்ப குரூப் 4 பாடத்திட்டத்துல "அகர வரிசைப்படி சொற்களைச் சீர் செய்தல்"னு ஒரு தலைப்பே இருந்துச்சுங்க. ய ர ல வ ழ ள ற ன. ன கடைசி. இதுல மார்க் விட்டவ நானு.

பழைய வாத்தியார் (தாராபுரம்)
பெரியவர் எழுதியதே சரி. காரணத்தையும் சொல்லி விடுகிறேன். காரணம் தெரிந்தால் மறக்காது.

நம் மெய்யெழுத்து வரிசையை இரண்டிரண்டாகப் படித்துப் பாருங்கள். க ங, ச ஞ, ட ண, த ந, ப ம. ஒரு வல்லினம், அதன் பக்கத்திலேயே அதன் இன மெல்லினம். அதற்குப் பிறகு இடையினம் ஆறும் சேர்ந்தாற்போல்: ய ர ல வ ழ ள. கடைசியில் மறுபடியும் ஒரு சோடி: ற ன. ற வல்லினம், ன அதன் இனம். கன்று, தென்றல், குன்றம் என்று அவை ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தாலே உறவு விளங்கும். தொல்காப்பியமும் எழுத்து முப்பது என்று சொல்லும்போது அகரத்தில் தொடங்கி னகரத்தில்தான் முடிக்கிறது. நன்னூல் இதற்கென்றே ஒரு நூற்பா வைத்திருக்கிறது: சிறப்பாலும் இனத்தாலும் சேர்ந்து அகரம் முதலாக நடப்பதே எழுத்தின் முறை. நன்னூல் செய்த பவணந்தியார் நம் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று இங்கே சொல்லிக்கொள்வது வழக்கம். ஆகவே கொங்கு நாட்டுக் கோயிலில் ன-வைக் கொண்டுபோய் ந-வின் பக்கத்தில் நிறுத்தினால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

ஆக, 'கு' என்பது பொதுவாக நிற்க, இரண்டாம் எழுத்து ட, ண, ம, ர, ள, ற, ன என்று வரவேண்டும். உங்கள் பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மேட்டாங்காடு
ரொம்ப நன்றிங்கய்யா. இன்னொரு சந்தேகம். குன்னத்தூரும் குனியமுத்தூரும் பெரியப்பா பட்டியல்ல தலைகீழா இருக்குது. கம்ப்யூட்டர் குனியமுத்தூரை முன்னால போடுது. ரெண்டும் ன தானே?

தறிச்சத்தம்
இதுல நான் கம்ப்யூட்டர் கட்சி. ஒண்ணாங்கிளாஸ்ல எப்படிப் படிச்சோம்? க கா கி கீ... கௌ. க்-ஐ அந்த வரிசையிலயே சொல்லலை. வேணும்னா கடைசியில சேர்த்துக்கலாம். ன, னா, னி எல்லாம் போனப்பறம்தான் ன். அப்ப குனியமுத்தூர் முந்தி, குன்னத்தூர் பிந்தி.

காவிரிக்கரை தேர்வர்
இல்லீங்கண்ணா, புள்ளி வெச்ச எழுத்து முதல்ல வரும்.

தறிச்சத்தம்
யாரு சொன்னது?

காவிரிக்கரை தேர்வர்
எங்க கோச்சிங்ல ஒருத்தரு முதல்லன்னு சொன்னாரு. அடுத்த மாசம் வேற ஒருத்தரு வந்து கடைசிலன்னாரு. ரெண்டு பேரும் நோட்டுல எழுதிக்கச் சொன்னாங்க. நானும் ரெண்டையும் எழுதி வெச்சிருக்கேன்.

நொய்யல் நிலா (கோவை)
நான் இதைக் கொஞ்சம் வேற மாதிரி யோசிச்சேன். சொல்லை ஒலி ஒலியாப் பிரிச்சா என்ன ஆகும்?

குன்னத்தூர்: க், உ, ன், ன், அ...
குனியமுத்தூர்: க், உ, ன், இ, ய்...

மூணு ஒலி வரைக்கும் ஒண்ணு. நாலாவது எடத்துல ஒரு பக்கம் ன், இன்னொரு பக்கம் இ. உயிர் பன்னெண்டும் மெய்யெழுத்துக்கு முன்னால வர்றதுதான் முறை. அப்ப இ முந்தி, குனியமுத்தூர் முந்தி. தறிச்சத்தம் அண்ணா சொன்ன விடையே வருது, ஆனா அவர் சொன்ன காரணத்தால இல்லை. வாத்தியாரய்யா இதை எப்படி மறுப்பீங்கன்னு ஆவலா இருக்கேன்.

தறிச்சத்தம்
அம்மிணி, வாழ்க. காரணம் எதுவா இருந்தா என்ன, ஜெயிச்சது நானு.

பழைய வாத்தியார்
நல்ல கேள்வி அம்மா. என்னையே ஒரு நாழிகை உட்கார வைத்துவிட்டது.

நீங்கள் பிரித்ததில் பிழை இல்லை. ஆனால் அகராதி அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதற்கு எழுத்துதான் அலகு. கு ஒரு எழுத்து, ன் ஒரு எழுத்து, னி ஒரு எழுத்து. குன்னத்தூரில் இரண்டாம் எழுத்து ன். குனியமுத்தூரில் இரண்டாம் எழுத்து னி. ஒப்பிட வேண்டியது ன்-ஐயும் னி-யையும்தான், அடுத்த வீட்டு ன-வையும் இ-யையும் அல்ல. இப்போது ன், ன, னா, னி என்பதில் எது முதல் என்பதே கேள்வி. மெய்யின் இயல்பே புள்ளியோடு நிற்பது என்கிறது தொல்காப்பியம். அதோடு அகரம் சேர்ந்தால் புள்ளி போய் ன ஆகிறது, இகரம் சேர்ந்தால் னி ஆகிறது. எதுவும் சேராமல் நிற்பது ன். ஒன்றும் சேராதது முன்னால், சேர்ந்தது பின்னால்.

தம்பி தறிச்சத்தம், இது நீங்களே தினமும் பின்பற்றும் விதிதான். காங்கேயம், காங்கேயம்பாளையம் இரண்டில் எதை முதலில் எழுதுவீர்கள்? காங்கேயத்தை. ஏன்? காங்கேயம் முடிந்த இடத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மற்றதில் பாளையம் ஒட்டியிருக்கிறது. சொல்லுக்கு நீங்கள் செய்வதை எழுத்துக்கும் செய்யுங்கள். அவ்வளவுதான் புள்ளி விதி.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதைத் திறந்தால் அ-வுக்குப் பிறகு அஃகம், அஃது போன்ற ஆய்தச் சொற்கள். அப்புறம் அக்கா வகையறா. அதெல்லாம் முடிந்த பிறகுதான் அகம். பக்கத்து நூலகத்தில் இருக்கும், போய்ப் பாருங்கள்.

தறிச்சத்தம்
காங்கேயம் மாட்டை அவுத்துட்டு வந்து முட்ட வெச்சுட்டீங்களே அய்யா. சரி, ஒத்துக்கறேன். குன்னத்தூர் முந்தி.

மஞ்சமண்டி (ஈரோடு)
அந்தக் காங்கேயம்பாளையம் எங்க ஊர்ப் பக்கமுங்க. காவேரி நடு ஆத்துல ஈஸ்வரன் கோயில் இருக்குதே, அது. காங்கேயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு வெளியூரு ஒறம்பரைக்குச் சொல்லிச் சொல்லியே வாய் வலிச்சுப் போச்சு.

நொய்யல் நிலா
அய்யா, தோத்துட்டேன். சந்தோசமாத் தோத்தேன்.

மேட்டாங்காடு அண்ணாவுக்கு அந்தப் பெட்டி ஏன் அப்படிக் காட்டுச்சுன்னு சொல்லிடறேன். கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் ஒரு எண் உண்டு. சோம்பேறிப் பெட்டிகள் எழுத்தைப் பார்க்காது, அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும். யூனிகோடுல தமிழுக்கு எண் குடுத்தப்ப, 1988-ல வந்த இஸ்கிங்கற இந்தியத் தரத்தோட அடுக்கை எடுத்துக்கிட்டாங்க. அது எல்லா இந்திய மொழிக்கும் ஒரே சட்டம். இந்தியில இல்லாத நம்ம ன, ற, ள, ழ நாலையும் சொந்தக்காரன் மாதிரி தெரிஞ்ச எழுத்துக்குப் பக்கத்துல சொருகிட்டாங்க. அதனால எண் வரிசை இப்படி ஓடுது: ந ன ப ம ய ர ற ல ள ழ வ. வாத்தியாரய்யா சொன்ன ற ன சோடியை ஆளுக்கொரு பக்கம் பிரிச்சு வெச்சாச்சு. ஜ-வும் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவுல உக்காந்திருக்கு. ஆய்தம் அ-வுக்கே முன்னால.

புள்ளிக்கும் தனி எண். அது கால், கொம்பு எல்லாத்துக்கும் பிந்தின எண். அதனாலதான் குனி முந்தியும் குன் பிந்தியும் வந்துச்சு. தறிச்சத்தம் அண்ணா ஒண்ணாங்கிளாஸ் கணக்குல சொன்னதை அது எண் கணக்குல சொல்லியிருக்கு.

இன்னும் ரெண்டு சோதனை பண்ணிப் பாருங்க. கரட்டடிபாளையம், கரடிவாவி. தமிழ் முறையில கரட்டடி முந்தி, எண் முறையில கரடி முந்தி. அன்னூர், அந்தியூர் பக்கத்துலயே வந்து ஒட்டிக்கிச்சுன்னா அது எண் முறை. அன்னூர் 'அ' வரிசையிலயே கடைசிக்குப் போயிருந்தா தமிழ் முறை. எங்க அம்மா ஊரு அன்னூர், அதனால எப்பவும் அதைத்தான் முதல்ல தேடுவேன்.

தீர்வு: லிப்ரே ஆஃபீஸ்ங்கற மென்பொருள்ல பட்டியலைப் போட்டு, வரிசைப்படுத்தற பெட்டியோட ஆப்ஷன்ஸ் பக்கத்துல மொழியைத் தமிழ்னு தேர்ந்தெடுங்க. அது மெய்யை முன்னால வெச்சு, ன-வைக் கடைசியில வெச்சு, ஜ, ஸ மாதிரிக் கிரந்த எழுத்தை ன-வுக்கு அப்பறம் தள்ளி ஒழுங்கா அடுக்கிக் குடுக்கும்.

மேட்டாங்காடு
நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன் அம்மிணி. வந்துருச்சு! 'அ' இப்ப இப்படி: அத்தாணி, அந்தியூர், அம்மாபேட்டை, அரவக்குறிச்சி, அவல்பூந்துறை, அவினாசி, அறச்சலூர், அன்னூர். பெரியப்பாகிட்டக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒரு தடவை பார்த்தாரு, கழட்டி இன்னொரு தடவை பார்த்தாரு. "ம்"னாரு. அவரு "ம்"னா பெரிய விசயமுங்க.

மஞ்சமண்டி
பொறுங்க, கொண்டாடாதீங்க. இருபத்தஞ்சு வருசமா மண்டியில பேரேடு எழுதறவன் சொல்றேன். வரிசை விதியால வர்ற தொந்தரவு கம்மி. எழுதற விதத்தால வர்றதுதான் எச்சு.

உங்க பட்டியல்லயே பாருங்க, அறச்சலூர். பாதிப் பேரு அரச்சலூர்னு எழுதுவான். சின்ன ர போட்டா அரவக்குறிச்சி பக்கத்துல நிக்கும். பெரிய ற போட்டா அவினாசியைத் தாண்டி அன்னூர்கிட்டப் போயிரும். ஒரே ஊரு, ஒரே தெருவுல இருக்கற அண்ணன் தம்பி, கல்லுல ரெண்டு எடத்துல இருப்பாங்க. ஆயிரத்தெட்டுக் காலத்துக்கு முன்னால இசை எழுத்தைப் பாறையில வெட்டி வெச்ச ஊரு அது, இன்னும் பேரை எப்படி எழுதறதுன்னு முடிவாகலை.

கோபியும் அப்படித்தான். சிலரு கோபின்னு எழுதியிருப்பாங்க, சிலரு கோபிசெட்டிபாளையம், சிலரு நடுவுல ஒரு ச் போட்டு கோபிச்செட்டிபாளையம். கோயமுத்தூரு அதுக்கு மேல: கோயம்புத்தூர், கோயமுத்தூர், கோவை. புள்ளி முந்திங்கற கணக்குல இதே வரிசையிலதான் வரும், நடுவுல வேற ஊரு எது புகுந்தாலும் ஊரு மூணு துண்டு. முதல்ல ஊருக்கு ஒரு பேருன்னு தீர்மானம் பண்ணுங்க, அப்பறம் அடுக்குங்க.

அடுத்தது இனிசியல். கே. பழனிசாமி, எஸ். பழனிசாமி, ஆர். பழனிசாமின்னு முன்னால எழுதி வரிசைப்படுத்தினா ஆர் போய் ஆ-வுல நிக்கும், எஸ் எ-வுல, கே க-வுல. பழனிசாமியைத் தேடறவன் எங்க தேடுவான்? இனிசியலைப் பின்னால தள்ளுங்க.

பழைய வாத்தியார்
"ஆயிரத்தெட்டு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல வேண்டாம் தம்பி, அது தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு. மற்றபடி நீங்கள் சொன்னதெல்லாம் பொன்.

மேட்டாங்காடு
பழனிசாமின்னதும் நெஞ்சு திக்குங்குது. 412-ல பழனியில தொடங்கற பேரு மட்டும் 57. எண்ணிப் பார்த்துட்டேன்.

தறிச்சத்தம்
கொங்கு நாடு இல்லீங்களா. வீட்டுக்கு ஒரு பழனிசாமி இல்லீனா ரேசன் கார்டு குடுக்க மாட்டாங்க.

நொய்யல் நிலா
முன்னொட்டு ஒண்ணா இருக்கறப்ப விதி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்க இதைவிட நல்ல குவியல் கிடைக்காது. பழனி வரைக்கும் எல்லாத்துக்கும் பொது, அதை மறந்துருங்க. மிச்சத்தை மட்டும் பாருங்க: ஒண்ணுமில்லை, ச்சாமி, சாமி, யப்பன், யம்மாள், வேல். ஒண்ணுமில்லாதது முதல்ல. அப்பறம் ச், அடுத்தது சா. ய ரெண்டுலயும் ய-வையும் மறந்துட்டு ப், ம் பார்க்கணும். கடைசி வே.

பழனி, பழனிச்சாமி, பழனிசாமி, பழனியப்பன், பழனியம்மாள், பழனிவேல்.

பழைய வாத்தியார்
அழகு. வகுப்பில் நான் கரும்பலகையில் பொதுப் பகுதியைத் துணியால் மறைத்துவிட்டுத்தான் கேட்பேன். மிச்சத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அடுக்கிவிடும்.

மஞ்சமண்டி
அய்யா, அகராதி வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுனாங்க? ஓலைச்சுவடியில தேடோணும்னா?

பழைய வாத்தியார்
தேடவில்லை, மனப்பாடம் செய்தார்கள். நிகண்டுகள் என்னும் பழைய சொற்பொருள் நூல்கள் செய்யுளாக இருந்தன; தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகப் பிரித்திருப்பார்கள். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் சொற்கள் எதுகைப்படி வரும். அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து. நாம் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்கு நகர்கிறோம். அவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள், வாய்க்கு அதுதான் வசதி. 1594-இல் சிதம்பரம் இரேவண சித்தர் முதல் எழுத்து வரிசையில் ஒரு நிகண்டு செய்து அதற்கு அகராதி நிகண்டு என்றே பெயர் வைத்தார். அகரம் ஆதியாக வருவது அகராதி. பிறகு 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி. ஓலையில் வேறொரு தொல்லையும் உண்டு: எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளியே வைக்க மாட்டார்கள். ன-வா ன்-ஆ என்பது படிப்பவன் பாடு.

பூண்டிச் சிற்பி (திருமுருகன்பூண்டி)
கல்லு வேலைங்கறதால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஓலையில மட்டுமில்லீங்க, பழைய கோயில் கல்வெட்டுலயும் பெரும்பாலும் புள்ளி இருக்காது. இப்ப அப்படி விட முடியாது. ஒரு புள்ளி விட்டுப்போனா ஆளே மாறிருவாரு, சண்டைக்கு வந்துருவாங்க.

இங்க எழுத்து, துண்டுன்னு பேசினீங்களே. நாங்க கூலி பேசறது எழுத்துக் கணக்குல. கொடுமுடின்னா நாலு எழுத்து, நாலுக்குத்தான் காசு. கொ-வுக்குக் கொம்பு, கால்னு மூணு உளி வேலை இருந்தாலும் எழுத்து ஒண்ணுதான். பெருந்துறைக்கு அஞ்சு. ந்-னுக்கும் முழு எழுத்துக் காசு உண்டு, புள்ளிக்குத் தனியாக் கிடையாது. எங்க அப்பா காலத்துல இருந்து இதே கணக்கு.

நொய்யல் நிலா
சிற்பி அண்ணா, கம்ப்யூட்டர் கொடுமுடிக்கு எட்டுக் காசு கேட்கும், பெருந்துறைக்குப் பத்து. உங்ககிட்டயே குடுத்தரலாம்.

பூண்டிச் சிற்பி
சரிங்க, ஆனா நான் எட்டெழுத்துக் காசு கேட்டா மேட்டாங்காட்டுப் பெரியப்பா கல்லைத் தூக்கி என்ற மேலயே போட்டுருவாரு.

மேட்டாங்காடு
இப்பப் புதுசா ஒண்ணு. ஊரு பேரு பக்கத்துல கடை பேருல குடுத்தவங்களும் இருக்காங்க. அதுல 31 கடைக்கு 'ஸ்ரீ'ன்னு தொடக்கம். தமிழ்னு தேர்ந்தெடுத்து அடுக்கினதும் எல்லாம் ன-வையும் தாண்டிக் கடைசிக்குப் போயிருச்சு. எண்ணெய்ச் செக்கு வெச்சிருக்கற மாமன் ஒருத்தரு போன்ல, "லட்ச ரூபாய் குடுத்தவன் பேரு வாசப்படிகிட்டயா?"ங்கறாரு. அதுலயும் வினோதம், 31-ம் ஒரே எடத்துல இல்லை. 24 ஒரு கும்பல், 7 இன்னொரு கும்பல். நடுவுல ஒரு ஷண்முகா வேற.

நொய்யல் நிலா
கும்பல் ரெண்டானதுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்ரீ-யை ரெண்டு விதமாத் தட்டச்சு பண்ணலாம். ஸ-வை வெச்சும் வரும், 2005-ல யூனிகோடுல சேர்த்த ஶ-வை வெச்சும் வரும். திரையில ரெண்டும் பெரும்பாலும் ஒரே உருவமாத்தான் தெரியும், உள்ளே எண் வேற. தேடி மாத்துங்கற வசதியில ஒண்ணை இன்னொண்ணா மாத்திருங்க. அதே மாதிரி கௌ வர்ற எடத்துல சிலரு கெ போட்டுப் பக்கத்துல ள தட்டியிருப்பாங்க. பார்க்க ஒண்ணு, அடுக்கினா கெ-வுல போய் உக்காந்துக்கும். கவுந்தப்பாடின்னு நம்ம வழக்கத்துல எழுதிட்டா அந்தத் தொல்லையே இல்லை.

மஞ்சமண்டி
செக்கு மாமனுக்கு மருந்து என்கிட்ட இருக்குது. பேரேட்டுல நாங்க ஸ்ரீ-யைக் கணக்குலயே எடுக்கறதில்லை. எடுத்தா ஸ பக்கம் மட்டும் நெறஞ்சு வழியும், மத்த பக்கமெல்லாம் வெள்ளையாக் கிடக்கும். எல்லாத்துக்கும் முன்னால நிக்கற ஒரே சொல்லு எதையும் பிரிச்சுக் காட்டாதுங்க. எழுதறப்ப ஸ்ரீ போட்டுக்கோங்க, அடுக்கறப்ப அதுக்கு அடுத்த சொல்லைப் பாருங்க. மாமன் கடை மாரியம்மன் பேருல இருந்தா ம-வுல நிக்கும்.

தறிச்சத்தம்
அப்பப் 'பெரிய'வை என்ன பண்றது? பெரியசேமூர், பெரியபுலியூர், பெரியநாயக்கன்பாளையம், பெரியநெகமம், பெரியபோது. அதையும் விட்டுட்டு அடுக்கலாமா?

மஞ்சமண்டி
கூடாதுங்க. பெரியங்கறது அந்த ஊர்ப்பேரோட உசுரு. புலியூர்னு மட்டும் சொன்னா வேற ஊருக்குப் போயிருவீங்க. ஸ்ரீ இல்லாமக் கடையைக் கண்டுபிடிக்கலாம்.

பழைய வாத்தியார்
பெரிய-வுக்கு அடுத்து சே, நா, நெ, பு, போ. பெரியசேமூர், பெரியநாயக்கன்பாளையம், பெரியநெகமம், பெரியபுலியூர், பெரியபோது. ஒன்றைக் கவனியுங்கள்: சிலர் 'பெரிய நெகமம்' என்று இடம் விட்டு எழுதுவார்கள். எந்திரம் அந்த வெற்றிடத்தையும் ஒரு குறியாகக் கொண்டு, இடம் விட்டவற்றை எல்லாம் முன்னால் தள்ளிவிடக்கூடும். பெரிய நெகமம், பெரியசேமூரை முந்திவிடும். எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

காவிரிக்கரை தேர்வர்
இடம் விடறதைப் பத்தி எங்க ரெண்டு சாருமே சொல்லலை.

மேட்டாங்காடு
மூணு நாளா உக்காந்து எல்லாத்தையும் பண்ணிட்டேன். அறச்சலூருக்கு அந்த ஊர்ப் பங்காளிககிட்டயே கேட்டு ற போட்டாச்சு. கோபி எல்லாம் கோபிசெட்டிபாளையம். இனிசியல் பின்னால. ஸ்ரீ எழுதியிருக்குது, அடுக்கறதுல இல்லை. செக்கு மாமன் இப்ப ம-வுல நடு மத்தியில, கண் மட்டத்துல வர்றாரு; ரொம்பக் குளிர்ந்து போயிட்டாரு. நம்பியூர்ப் பங்காளிக பேரு மட்டும் கணக்கு வர நேரமாச்சு, அதனால கையிலயே எழுதிச் சேர்த்தேன். சரியான்னு பாருங்க:

நாச்சிமுத்து, பழனிச்சாமி, பழனிசாமி, பழனியம்மாள், பொன்னம்மாள், பொன்னுசாமி, பொன்மணி, முத்துசாமி, ராமசாமி

காவிரிக்கரை தேர்வர்
பொன்மணி தப்புங்க! பொன் வரைக்கும் ஒண்ணு. அடுத்தது ன, னு, ம. ம முந்தி. பொன்மணி, பொன்னம்மாள், பொன்னுசாமி. இந்த ன இருக்குதே, நடு எழுத்துல வந்தாலும் கடைசிதான். போன தடவை இதே மாதிரிதான் விட்டேன், இனி விட மாட்டேன்.

தறிச்சத்தம்
பாஸ் பண்ணிருவ கண்ணு.

மேட்டாங்காடு
அய்யோ, ஆமா. திருத்திட்டேன். சிற்பி அண்ணா, நாளைக்குப் பட்டியலைக் கொண்டாந்து குடுத்தரட்டுங்களா?

பூண்டிச் சிற்பி
கொண்டாங்க. ஆனா ஒண்ணு. கடைசியா வர்றவங்க பேரைச் சேர்க்க எடம் விடுங்கன்னு எல்லாரும் கேட்பாங்க. அகர வரிசைன்னா நடுவுல எங்க எடம் விடறது? பூசை அன்னிக்குக் காசு குடுக்கறவருக்குத் தனிக் கல்லு ஒண்ணு இப்பவே எடுத்து வெச்சுக்கோங்க.

அப்பறம் அந்த நம்பியூர் பழனிச்சாமி, பழனிசாமி. ரெண்டு ஆளுங்களா, இல்லை ஒரே ஆளு ரெண்டு தடவை குடுத்ததுங்களா?

மேட்டாங்காடு
...கேட்டுட்டு வந்து சொல்றேனுங்க.

பூண்டிச் சிற்பி
கேளுங்க. ச் வேணுமா வேண்டாமான்னு அவரையே தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. அதுக்கப்பறம்தான் உளியை எடுப்பேன்.